அரைத் தானியங்கி ரைஃபிளின் இலக்குத் துல்லியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரிமம் பெற்ற ரைஃபிளை முறையான சுடுதளத்தில் காகித இலக்கின் மீது சுட்டுப் பழகுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் "எந்தப் பாகத்தை மாற்றலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. என் விடைகளில் பெரும்பாலானவை, எதையும் மாற்றுவதற்கு முன்னால் இருப்பதை ஒரே சீராக வைத்துக்கொள்ளுங்கள் என்பதில்தான் போய் முடிகின்றன. பாதுகாப்பைப் பற்றி ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரைத் தானியங்கியில், அதாவது ஒவ்வொரு முறை விசையை விரலால் இழுக்கும்போதும் ஒரு குண்டைச் சுட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளில், தோட்டாக்களை அடுக்கிய மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று பொருளாகாது. குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறைக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கலாம். மேகசினைக் கழற்றி, அறையை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே கீழே சொல்லும் எந்த வேலைக்கும் கை வைக்க வேண்டும்.

துல்லியம் என்று சரியாக எதைச் சொல்கிறோம்?

இரண்டு வெவ்வேறு விஷயங்களை ஒரே சொல்லால் குறிப்பிடுவதால் குழப்பம் வருகிறது. குண்டுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பது ஒன்று. அந்தக் கூட்டத்தை, அதாவது சுடுகிறவர்கள் குரூப் என்று சொல்வதை, இலக்கின் நடுவுக்குக் கொண்டுவருவது மற்றொன்று. இரண்டாவது, குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பின் திருகைச் சில சொடுக்குகள் திருப்பினால் தீர்ந்துவிடும் வேலை. முதலாவதுதான் உழைப்பைக் கேட்கிறது.

குரூப்பைக் கோண நிமிடத்தில் அளப்பது வழக்கம். ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம். 100 மீட்டரில் அது சுமார் 29 மில்லிமீட்டர் அகலம், 50 மீட்டரில் அதில் பாதி. 50 மீட்டர் ரைஃபிள் போட்டிகளுக்கான சர்வதேச இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஒரு கோண நிமிடம் என்பது எவ்வளவு தாராளமான அளவு, எவ்வளவு கடுமையான அளவு என்பது இரண்டும் ஒருசேரப் புரியும்.

போல்ட் ரைஃபிளைவிட அரைத் தானியங்கி இயல்பிலேயே துல்லியம் குறைந்ததா?

ஒவ்வொரு தோட்டாவையும் போல்ட்டைக் கையால் இயக்கி ஏற்றும் போல்ட் ரைஃபிளோடு ஒப்பிட்டால் ஓரளவு உண்மை, ஆனால் சொல்லப்படும் அளவுக்கு அல்ல. தானாகவே தோட்டா ஏற வேண்டும் என்பதற்காகத் தோட்டா அறையைச் சற்றுத் தளர்வாகக் கடைகிறார்கள். வாயுவால் இயங்கும் வகைகளில் குழலோடு ஒரு வாயுக் குழாயோ தண்டோ இணைந்திருக்கிறது. விசையை இழுத்ததும் சுத்தியல் விழுவதற்கும், போல்ட் ரைஃபிளில் தோட்டாவை அடித்து வெடிக்கச் செய்யும் ஊசி பாய்வதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இவை ஒவ்வொன்றும் சிறிது பறித்துக்கொள்கின்றன. குண்டு குழலைவிட்டு வெளியேறிய பிறகே போல்ட் பெருமளவு பின்னால் நகர்கிறது என்பதால், "போல்ட் ஓடுவதால்தான் குறி தவறுகிறது" என்ற பரவலான புகாரில் பொருள் குறைவு.

1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற எம்1 காரண்ட் ரைஃபிளையும் அதன் வழிவந்த எம்14-ஐயும், தோளிலும் கையிலும் தாங்கும் கட்டைக்குள் பிசின் வார்த்துப் படியவைத்து, போட்டியாளர்கள் பல பத்தாண்டுகள் நீண்ட தூர இலக்குகளில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார்கள். பின்னர் அந்த இடத்தை ஏ.ஆர்.-15 வகை பிடித்தது. அடிப்படையில் நல்ல குழல் உள்ள அரைத் தானியங்கி, சுடுகிறவரின் திறமையைவிட முன்னே நிற்கும். நம்மில் பெரும்பாலோர் அதை எட்டிப்பிடிக்கவே ஆண்டுகள் ஆகும்.

எங்கிருந்து தொடங்குவது?

திருகுகளிலிருந்து. கட்டையையும் உடற்பகுதியையும் பிணைக்கும் திருகுகள், ஸ்கோப்பின் அடித்தளத் திருகுகள், ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களின் திருகுகள் ஆகியவற்றை வரிசையாகச் சோதியுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ரைஃபிள், இரண்டு வாரங்களாக 50 மீட்டரில் இரண்டு தனித்தனிக் குரூப்புகளாகவே சுட்டுக்கொண்டிருந்தது. தோட்டாவை மாற்றினேன், மணல் பையை மாற்றினேன், கண்ணாடியைக்கூட மாற்றினேன். கடைசியில் ஸ்கோப்பைக் கழற்றியபோது பின்பக்க அடித்தளத் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் ஆடவில்லை; ஒவ்வொரு உதைப்பிலும் அடித்தளம் ஒரு முடி அகலம் இடம் மாறி, அடுத்த உதைப்பில் பழைய இடத்துக்கு வந்திருக்கிறது.

கை வலுவை நம்பி இறுக்காமல், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துவது நல்லது. வளையத்தின் மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 2 நியூட்டன் மீட்டரை ஒட்டிய அளவு; அதற்கு மேல் முறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கி, உள்ளே உள்ள திருத்தப் பொறி சரியாக வேலை செய்யாமல் போகும். கட்டைத் திருகுகளின் அளவு ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும், ஆகவே கையேட்டைப் பாருங்கள். இறுக்கிய பின் திருகின் தலைக்கும் பக்கத்து உலோகத்துக்கும் குறுக்காக நகச்சாயத்தால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

என் ரைஃபிளின் உண்மையான நிலை தெரிய எத்தனை குண்டு சுட வேண்டும்?

குறைந்தது பத்து. மூன்று குண்டுக் குரூப்பைச் சுட்டு, அதில் மிகச் சிறியதைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது மனதுக்கு இனிமையாக இருக்கும். அதில் தகவல் கிடையாது. அதே ரைஃபிள், அதே தோட்டா, அதே சுடுகிறவர் என்றாலும் குண்டுகளின் எண்ணிக்கை கூடக்கூட, மிகத் தொலைவில் உள்ள இரண்டு துளைகளுக்கு இடையிலான அளவு வளர்ந்துகொண்டே போகும். சராசரியாகப் பார்த்தால் பத்துக் குண்டுக் குரூப், ஐந்து குண்டுக் குரூப்பைவிட ஏறத்தாழக் கால் பங்கு பெரிதாகவும், மூன்று குண்டுக் குரூப்பைவிட ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலாகவும் இருக்கும். ரைஃபிள் கெட்டுப்போய்விட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. மூன்று துளைகள் மறைத்து வைத்திருந்ததைப் பத்துத் துளைகள் வெளியே காட்டுகின்றன, அவ்வளவுதான்.

எந்த மாற்றத்தையும் செய்வதற்கு முன் இப்படிப் பத்துக் குண்டுக் குரூப்புகள் மூன்று சுட்டு, தேதி, தோட்டா, தூரம், காற்று ஆகியவற்றை அந்தக் காகிதத்திலேயே எழுதி வைத்துவிடுங்கள். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நாளில் புதிய விசைத் தொகுதி, புதிய தோட்டா, புதிய மணல் பை என்று மூன்றையும் மாற்றிவிட்டு, முன்னேற்றத்துக்குக் காரணம் எது என்று தேடுவது வீண் வேலை.

தோட்டாவை மாற்றினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா?

மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தெரியும். ஒரு ரைஃபிளுக்குச் செலவழிக்கக் கையில் ஒரு தொகை இருந்தால், அதை முதலில் ஐந்தாறு வகைத் தோட்டாக்களில் போடுங்கள் என்பேன். ஒவ்வொரு குழலும் தனக்குப் பிடித்ததைத் தானே தேர்ந்தெடுக்கிறது. விலை உயர்ந்ததைத்தான் அது விரும்பும் என்ற உறுதியும் இல்லை. ஒரே பெயரில் வந்தாலும் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகள் வெவ்வேறு விதமாகச் சுடும் என்பதால்தான் சிறு கலிபர், அதாவது குழலின் உள்விட்டம் சிறிதான ரைஃபிள்களில் சுடும் போட்டியாளர்கள் தங்கள் ரைஃபிளைப் பிடிப்பானில் பூட்டி, தொகுதி எண் வாரியாகச் சோதித்து, நன்றாகச் சுடும் தொகுதியை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.

சிறு கலிபர் தோட்டாவான .22 எல்.ஆர். வகையை எடுத்துக்கொள்வோம். வேகம் கூடியது நேராகப் போகும் என்று தோன்றும். ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர். அதிவேகத் தோட்டாக்கள் அதைத் தாண்டிப் புறப்பட்டு, 100 மீட்டரை எட்டுவதற்குள் அந்த எல்லையைக் கீழ்நோக்கிக் கடக்கின்றன. அந்தக் கடப்பில் குண்டு தடுமாறுகிறது. விநாடிக்கு 320 முதல் 330 மீட்டரில் புறப்படும் சாதாரண வேகத் தோட்டா அந்தத் தொல்லைக்கே போவதில்லை. வியப்பான இன்னொன்று, பக்கக் காற்றில் அதிவேகத் தோட்டாதான் கூடுதலாக விலகும். ஒலியின் வேகத்தை ஒட்டிய பகுதியில் காற்றின் தடை கடுமையாக இருப்பதே காரணம்.

வேகத்தின் அளவைவிட அதன் சீர்மை முக்கியம். ஒரு பெட்டியிலுள்ள இரண்டு தோட்டாக்களுக்கு இடையே விநாடிக்கு 10 மீட்டர் வேறுபாடு இருந்தால், 50 மீட்டரில் அது மட்டுமே உயரத்தில் 7 முதல் 8 மில்லிமீட்டர் வித்தியாசத்தை உண்டாக்கும். மேலே சொன்ன 10.4 மில்லிமீட்டர் வளையத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. உங்கள் குரூப் மேலும் கீழுமாக நீண்டு நிற்கிறது என்றால் முதலில் தோட்டாவைச் சந்தேகியுங்கள்.

அரைத் தானியங்கிக்கே உரிய ஒரு கட்டுப்பாடு உண்டு. சாதாரண வேகத் தோட்டாவுக்குச் சில ரைஃபிள்களில் போல்ட்டை முழுதாகத் தள்ளும் வலு இருக்காது. வெற்றுக்கூடு வாயிலில் சிக்கிக்கொள்ளும். ஆகவே துல்லியத்தோடு சீராக ஏறி இறங்குவதையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். .22 தோட்டாக்களின் ஈயக் குண்டில் மெழுகு போன்ற பூச்சு இருப்பதால், வகையை மாற்றியவுடன் வரும் முதல் பத்து இருபது குண்டுகளை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பழைய பூச்சு போய்ப் புதியது குழலுக்குள் படிய அவ்வளவு தேவைப்படும்.

குண்டின் எடைக்கும் குழலின் உட்புரிக்கும் என்ன தொடர்பு?

குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளங்கள் குண்டைச் சுழற்றி நிலைப்படுத்துகின்றன. குண்டு நீளமாக ஆக, வேகமான சுழற்சி தேவை. எடை கூடினால் பொதுவாக நீளமும் கூடும் என்பதால் எடையை வைத்துப் பேசுகிறோம். .223 வகையில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் பழைய குழல்கள் 55 கிரெய்ன், அதாவது சுமார் 3.6 கிராம் குண்டுக்குப் பொருந்தும். 77 கிரெய்ன், அதாவது சுமார் 5 கிராம் குண்டைச் சுட 7 அல்லது 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும். தவறாகச் சேர்த்தால் காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் போல நீண்ட துளை விழும். அப்படி ஒன்றைப் பார்த்தால் அந்தத் தோட்டாவை அந்தக் குழலில் இனிச் சுட வேண்டாம். .22 எல்.ஆர். ரைஃபிள்களில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதே ஏறத்தாழப் பொதுவானது என்பதால் இந்தக் கவலை அங்கே எழுவதில்லை.

ஸ்கோப்பில் கவனிக்க வேண்டியவை எவை?

திருகைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடுத்தது கண்ணருகே உள்ள வளையம். வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்துக்கொண்டு, குறுக்குக் கோடு சட்டென்று கூர்மையாகத் தெரியும் வரை அதைத் திருப்ப வேண்டும். வெகுநேரம் உற்றுப் பார்த்தால் கண் தானே சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும். இரண்டு விநாடி பார்த்து, விலகி, மீண்டும் பாருங்கள்.

பிறகு பாரலாக்ஸ். ரைஃபிளை மணல் பையில் அசையாமல் வைத்து, கண்ணை மட்டும் மேலும் கீழும் இடமும் வலமும் நகர்த்துங்கள். குறுக்குக் கோடு இலக்கின் மீது நழுவினால், உங்கள் கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதியாதபோது குண்டும் இடம் மாறும் என்று பொருள். திருத்தும் வசதி இல்லாத ஸ்கோப்புகளைப் பெரிய கலிபருக்கென்றால் பெரும்பாலும் 100 கஜத்துக்கும், .22 வகைக்கென்றால் 50 கஜத்துக்கும் அமைத்து அனுப்புகிறார்கள். 100 கஜத்துக்கு அமைத்ததை 25 மீட்டரில் பயன்படுத்திவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொல்வது நியாயமல்ல.

சொடுக்குக் கணக்கு எளிது. கால் கோண நிமிடச் சொடுக்கு 100 மீட்டரில் குண்டைச் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும், 0.1 மில் சொடுக்கு (மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும் கோண அளவு) சரியாக 1 சென்டிமீட்டர் நகர்த்தும். குரூப்பின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்த வேண்டும். ஒவ்வொரு துளையையும் துரத்திக்கொண்டு திருகைத் திருப்புகிறவர் மாலை வரை திருப்பிக்கொண்டே இருப்பார்.

ஸ்கோப் இல்லாமல் திறந்த குறிகளால் சுடுகிறேன். எனக்கு?

கண்ணின் கவனம் முன்குறியில் இருக்க வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிவதை மனம் பொறுத்துக்கொள்ளப் பழக வேண்டும். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 500 மில்லிமீட்டர் இருக்கும் ரைஃபிளில், முன்குறி 1 மில்லிமீட்டர் விலகி நின்றால் 100 மீட்டரில் குண்டு 200 மில்லிமீட்டர் விலகும். அதே சமயம், குறிகள் இரண்டும் சரியாக ஒன்றியிருக்கும்போது மொத்த ரைஃபிளும் இலக்கின் நடுவிலிருந்து 20 மில்லிமீட்டர் தள்ளி நின்றால் குண்டும் 20 மில்லிமீட்டர்தான் தள்ளி விழும். எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மேசையில் வைத்துச் சுடும்போது எப்படித் தாங்கிப் பிடிப்பது?

முன்கட்டையின் அடியில் ஒரு பை, கட்டையின் பின்முனைக்கு அடியில் ஒரு சிறு பை. எந்த நிலையிலும் குழல் நேராகப் பையின் மீது படக் கூடாது. குழல் ஒவ்வொரு வெடியிலும் அதிர்கிறது, அந்த அதிர்வை இடையில் தொடும் எதுவும் குண்டு விழும் இடத்தை மாற்றும். மேகசின் மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நீண்ட மேகசின் உள்ளவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

பின்பையை இடது கையால் மெல்லப் பிசைந்து குறுக்குக் கோட்டை ஏற்றி இறக்குவதே சரியான முறை. ரைஃபிளைத் தசை வலுவால் பிடித்து நிறுத்துவது அல்ல. தோளின் அழுத்தம் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவில் இருக்கட்டும். பை முன்கட்டையின் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு ஒரு சிறு ஒட்டுத்தாளால் அடையாளம் வைத்துக்கொண்டால், உதைப்புக்குப் பிறகு அதே இடத்துக்குத் திரும்பலாம்.

முதல் குண்டு மட்டும் தனியாக விழுகிறது. ஏன்?

அரைத் தானியங்கிக்காரர்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்கும் கேள்வி இது. முதல் தோட்டாவை நீங்கள் கையால் ஏற்றுகிறீர்கள். மற்றவற்றை ரைஃபிள் தன் முழு வேகத்தில் ஏற்றிக்கொள்கிறது. போல்ட்டைக் கையில் பிடித்தபடி மெதுவாக முன்னே விட்டீர்கள் என்றால், அது அறையோடு பூட்டிக்கொள்ளும் விதம் தானாக ஏறும்போது இருப்பதிலிருந்து சற்று வேறுபடும். ஆகவே மேகசினிலிருந்து ஏற்றும்போது போல்ட்டை முழுதாகப் பின்னிழுத்து, கையை எடுத்துவிட்டு, சுருள்வில்லின் வலுவிலேயே முன்னே போக விடுங்கள். குளிர்ந்த குழல், எண்ணெய்ப் படலம் ஆகியவையும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதால், குழலைக் காயவைத்து, இரண்டு குண்டுகளை வேறு ஒரு மூலையில் சுட்டுவிட்டுக் குரூப்பைத் தொடங்கிப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எம்1 காரண்ட், ஏ.ஆர்.-15 போன்றவற்றில் ஊசி தடையின்றி அசையக்கூடியது. போல்ட் மூடும்போதே அது தோட்டாவின் அடியிலுள்ள, அடிபட்டால் தீப்பற்றும் பிரைமரை மெல்லத் தொட்டு, ஒரு சிறு புள்ளிப் பள்ளம் பதிக்கும். அப்படிப்பட்ட ரைஃபிளில் தோட்டாவை விரலால் அறைக்குள் செருகிவிட்டு அதன் மேல் போல்ட்டை முழு வேகத்தில் விழவிடக் கூடாது; பூட்டிக்கொள்ளும் முன்பே வெடிக்க வாய்ப்புண்டு. மேகசினிலிருந்து ஏறும் தோட்டா போல்ட்டின் வேகத்தைக் குறைத்துவிடுவதால் அங்கே அந்த ஆபத்து மிகக் குறைவு.

விசையின் கனம் குறைந்தால் துல்லியம் கூடுமா?

ராணுவத் தர ஏ.ஆர். விசைகள் 2.5 கிலோவிலிருந்து 4 கிலோவுக்கும் மேல் வரை இழுக்கக் கேட்கும். ரைஃபிளின் மொத்த எடையே மூன்றரைக் கிலோ என்னும்போது, அதன் எடைக்கு நிகரான அழுத்தத்தை ஒரு விரலால், மற்ற எதையும் அசைக்காமல் செலுத்துகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் சிக்கல் விளங்கும். ஆனாலும் கனத்தைவிட மோசமானது சொரசொரப்பு. சீராக ஏறி, கண்ணாடி முறிவது போல விடுபடும் 2 கிலோ விசை, இழுபறியாக நகரும் 1 கிலோ விசையைவிட மேலானது. ராணுவ வகை ரைஃபிள்களுக்கான அமெரிக்க சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் குறைந்தபட்ச விசைக் கனம் நாலரைப் பவுண்டு, அதாவது சுமார் 2 கிலோ. அங்கே அந்தக் கனத்தோடுதான் மிக உயர்ந்த புள்ளிகளை எடுக்கிறார்கள்.

விசையின் கொக்கிகளை அரம் கொண்டு தேய்க்கவோ, வில்லை வெட்டவோ நீங்களே முயலாதீர்கள். அந்த உலோகப் பரப்பின் கடினப் படலம் ஒரு முடி அளவே இருக்கும். அது போய்விட்டால் ரைஃபிள் தட்டினாலே வெடிக்கலாம், ஒரு முறை இழுத்தால் இரண்டு வெடிக்கலாம். இரண்டாவது நிலை பல இடங்களில் கடுமையான குற்றமும்கூட. முழுமையாக வரும் நல்ல தரமான விசைத் தொகுதியை, உங்கள் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், தேர்ந்த துப்பாக்கிப் பழுதாளரைக் கொண்டு பொருத்திக்கொள்வதே வழி.

விசையை எப்படி இழுப்பது?

விரலின் முதல் கணுவுக்கு முன்னாலுள்ள சதைப்பகுதி விசையின் மீது படிய, நேர் பின்னாக, கூடிக்கொண்டே போகும் அழுத்தமாக. வெடிக்கும் கணம் உங்களுக்கே முன்கூட்டித் தெரியக் கூடாது. வெடித்த பிறகு விரலை உடனே விட்டுவிடாதீர்கள். அரைத் தானியங்கியில் இதற்கு ஓர் அழகான சான்று உண்டு: விசையைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு, உதைப்பு அடங்கி, குறுக்குக் கோடு மீண்டும் இலக்கில் நின்ற பிறகு மெதுவாக விரலைத் தளர்த்தினால், 'டிக்' என்று ஒரு மெல்லிய ஒலி கேட்கும். சுத்தியல் ஒரு கொக்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒலி அது. அந்த ஒலி வெடியின் சத்தத்தோடேயே கரைந்துவிட்டால், குண்டு குழலுக்குள் இருக்கும்போதே உங்கள் பிடி தளரத் தொடங்கியிருக்கலாம்.

வெடிக்கு முன்பே உடல் துணுக்குறுவது எப்படித் தெரியும்?

வேறொருவரிடம் மேகசினைக் கொடுத்து, உண்மையான தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு மூன்று பயிற்சிப் போலித் தோட்டாக்களைக் கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். போலி வரும்போது வெடி இல்லை. குழல் முனை மட்டும் கீழே குத்தும். பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகவே தெரியும். கண்ணை மூடிக்கொண்டது, தோளை முன்னே தள்ளியது எல்லாம் ஒளிக்க இடமில்லாமல் வெளிப்படும். காதுக்குள் செருகும் அடைப்பான், அதன் மேல் காதுமூடி என இரண்டையும் சேர்த்து அணிந்தாலே பாதித் துணுக்கம் போய்விடுகிறது. ஏனென்றால் பலரையும் பயமுறுத்துவது உதைப்பைவிடச் சத்தமே. வெடிக்காமல் நின்ற தோட்டா போலியா உண்மையா என்று தெரியாதபோது முப்பது விநாடி குழலை இலக்கை நோக்கியே வைத்திருந்துவிட்டுப் பிறகு போல்ட்டைத் திறக்க வேண்டும்.

தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவதும் இதற்கு நல்ல மருந்து. சில பழைய .22 ரைஃபிள்களில் ஊசி அறையின் விளிம்பை அடித்துச் சேதப்படுத்தும் என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா?

மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், அடுத்த மூச்சு தொடங்கும் முன் இருக்கும் இடைவெளியைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். ஐந்தாறு விநாடிகளுக்குள் சுட முடியவில்லை என்றால் விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஆக்சிஜன் குறையும்போது முதலில் மங்குவது கண். உடலின் இயல்பான திசையையும் சோதிக்க வேண்டும். குறி பார்த்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து விட்டுத் திறந்து பாருங்கள். குறுக்குக் கோடு இடப்பக்கம் போயிருந்தால் கைகளால் இழுத்து வராமல், இடுப்பையும் பாதங்களையும் நகர்த்தி உடல் முழுவதையும் திருப்புங்கள்.

எவ்வளவு அடிக்கடி சுத்தம் செய்வது?

குழலைப் பளபளவென்று வைத்திருப்பதில் பெருமைப்படுகிறவர்கள் பலர். ஆனால் அளவுக்கு மீறிய தேய்ப்பால் கெட்ட குழல்களும் உண்டு. தேய்க்கும் கோல் குழல் வாயின் விளிம்பை உரசி, அந்த வட்டம் ஒருபக்கம் தேய்ந்துவிட்டால், குண்டு வெளியேறும் கடைசிக் கணத்தில் பின்னாலுள்ள வாயு ஒருபக்கமாகக் கசிந்து அதைத் தள்ளிவிடும். ருகர் 10/22 போன்ற பல அரைத் தானியங்கிகளில் பின்பக்கத்திலிருந்து கோலை நுழைக்க வழியில்லை. அவற்றுக்கு அறைப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக இழுக்கும் நெகிழ்வான கயிறே ஏற்றது.

குரூப் விரியத் தொடங்கும்போது சுத்தம் செய்யுங்கள். எத்தனை குண்டுக்குப் பிறகு விரிகிறது என்பதைக் குறித்து வைத்தால் உங்கள் குழலின் கணக்கு கிடைத்துவிடும். தோட்டா அறையையும் போல்ட்டின் முகப்பையும் மட்டும் அடிக்கடி துடைக்கலாம். அங்கே சேரும் கரி, தோட்டா முழுதாக உட்காராமல் தடுக்கும்.

குழல் கட்டையைத் தொடாமல் இருக்க வேண்டும் என்கிறார்களே?

குழல் தன் பின்முனையில் மட்டும் பிடிக்கப்பட்டு, மற்ற நீளம் முழுவதும் எதையும் தொடாமல் நிற்பதே நோக்கம். ஒரு காகிதத் துண்டை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகிப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே உரசல். மரக்கட்டை ஈரப்பதத்தில் வீங்குவதால் நேற்று போன காகிதம் இன்று நிற்கலாம். ஏ.ஆர். வகையில் முன்கட்டை நேராகக் குழலில் பிணைந்திருந்தால், வாரை இறுக்கிக் கட்டிச் சுடும்போது குழலே வளைந்து குரூப் முழுவதும் நகரும். குழலைத் தொடாத முன்கட்டை போடுவது அங்கே கைமேல் பலன் தரும். ஆனால் எல்லா ரைஃபிளுக்கும் இது பொருந்தாது. மெல்லிய குழலுள்ள சில .22 ரைஃபிள்கள் முனையருகே சிறு அழுத்தம் இருக்கும்போதே நன்றாகச் சுடுகின்றன. மரத்தைச் சுரண்டுவதற்கு முன் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.

குழல் சூடாவது பாதிக்குமா?

பாதிக்கும். மெல்லிய குழலில் குண்டுகள் ஒரு திசையில் ஊர்ந்துபோகும்; அதோடு குழலிலிருந்து எழும் வெக்கை ஸ்கோப்பின் முன் அலையாடி இலக்கையே நகர்த்திக் காட்டும். அரைத் தானியங்கி வேகமாகச் சுடத் தூண்டுவதால் இந்தத் தவறு எளிதில் நேர்கிறது. சூடான அறைக்குள் தோட்டாவை வைத்துக்கொண்டு நிதானமாகக் குறி பார்க்கவும் கூடாது. வெடிமருந்து சூடேறி வேகம் கூடி, அந்தக் குண்டு உயரப் போகும். இடைவேளையில் போல்ட்டைத் திறந்தே வையுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் குரூப் சுருங்கவில்லை என்றால்?

தேர்ந்த ஒருவரிடம் உங்கள் ரைஃபிளையும் உங்கள் தோட்டாவையும் கொடுத்து, பத்துக் குண்டு சுடச் சொல்லுங்கள். அவருடையது சிறியதாக வந்தால் எதையும் வாங்க வேண்டாம், பயிற்சியில் இறங்குங்கள். அவருக்கும் அதே அளவு வந்தால் வேறொரு ஸ்கோப்பைப் போட்டுப் பாருங்கள். உள்ளே உடைந்த ஸ்கோப் வெளியே எந்த அடையாளமும் காட்டாது. அதற்கும் மாறவில்லை என்றால், மேகசினிலிருந்து ஏறிய ஒரு தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துக் குண்டின் நுனியைப் பாருங்கள். ஈயம் ஒருபக்கம் சிராய்ந்திருந்தாலோ, குண்டு கூட்டுக்குள் அமுங்கியிருந்தாலோ, கோளாறு மேகசினின் உதட்டிலோ அறைக்கு ஏறும் சரிவிலோ இருக்கிறது. வேறொரு மேகசினைப் போட்டாலே பல நேரம் தீர்ந்துவிடும். குண்டின் நுனியும் பழுதில்லாமல் இருந்தால்தான் குழலை மாற்றுவது பற்றிப் பழுதாளரிடம் பேச வேண்டும். அப்போதும் தொடக்கத்தில் சுட்டு வைத்த அந்த மூன்று காகிதங்களையும் கையோடு எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.